செல்போர்ன் காட்டின் மூன்று குருவிகள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிந்து எழுதுகிறேன். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு காலையில் பேத்தி வாசல் வேப்பமரத்தைக் காட்டி, "தாத்தா, அந்தக் குருவி விடாமக் கத்திக்கிட்டே இருக்கே, அது என்ன குருவி?" என்று கேட்டாள். அண்ணாந்து பார்த்தேன். இலை அசைவது தெரிந்தது. குருவி கண்ணில் படவில்லை, சத்தமும் காதில் விழவில்லை. "எங்கம்மா கத்துது?" என்றேன். "இப்பக்கூடக் கத்துச்சே தாத்தா!" என்றாள்.

நான் காதுக் கருவி மாட்டத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு கேட்கும். மெல்லிய கீச்சுக் குரல்கள் கேட்பதில்லை. வயதாக ஆக முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அது என்னவென்று அன்றைக்குத்தான் உறைத்தது. மரத்தில் ஒரு உயிர் பாடிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் அது இல்லை.

அப்போது நினைவுக்கு வந்தவர் கில்பர்ட் வைட். இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு கிராமத்துப் பாதிரியார். உலகமே ஒன்று என்று நினைத்திருந்த ஒரு குருவியை, இல்லை, அவை மூன்று என்று காதால் கேட்டுக் கண்டுபிடித்தவர். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கணக்கு வாத்தியாருக்குக் குருவிக் கதை எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் கணக்கும் வரும்.

லண்டனுக்குத் தென்மேற்கே ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் செல்போர்ன் என்று ஒரு சிற்றூர். ஊருக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு குன்று. அதன் சரிவு முழுக்க உயரமான பீச் மரங்கள். அந்தச் சரிவுக் காட்டை ஊர்க்காரர்கள் 'ஹேங்கர்' என்பார்கள். 1720-ல் வைட் அந்த ஊரில்தான் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். பெரிய பதவி எதற்கும் ஆசைப்படாமல் ஊருக்குத் திரும்பி, உதவிப் பாதிரியாராகக் காலம் கழித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1753-ல் தம்பியோடு சேர்ந்து அந்தக் குன்றின் மேலே ஏறுவதற்கு வளைந்து வளைந்து செல்லும் ஒரு பாதை வெட்டினார். இன்றும் அந்தப் பாதையில் ஆட்கள் ஏறுகிறார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

அவருடைய வேலை என்னவென்றால், பார்ப்பது, கேட்பது, அன்றன்றே எழுதி வைப்பது. முதலில் தோட்டக் குறிப்புகள் எழுதினார். 1768-ல் டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற வழக்கறிஞர் அச்சடித்த ஒரு குறிப்பேடு கைக்கு வந்தது. நம் பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். இந்தக் கட்டத்தில் வெப்பநிலை, இதில் காற்று, இதில் மழை, இதில் எந்த மரம் துளிர்த்தது, இதில் எந்தப் பறவை வந்தது என்று நிரப்ப வேண்டும். வைட் அதை இருபத்தைந்து வருடம் நிரப்பினார். 1793 ஜூன் மாதம் இறந்தார். சாவதற்குச் சில நாட்கள் முன்பு வரை குறிப்பு இருக்கிறது.

இப்போது குருவிக்கு வருவோம். அந்த நாளில் இங்கிலாந்தில் 'வில்லோ ரென்' என்று ஒரு குருவியைச் சொல்வார்கள். கட்டைவிரல் அளவு உடம்பு. மேலே பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், கீழே மங்கிய மஞ்சள். கண்ணுக்கு மேலே வெளிறிய ஒரு கோடு. இலைகளுக்கு நடுவே பூச்சி பிடித்துக்கொண்டு ஓயாமல் துள்ளும். நம் ஊர்ப் பறவைப் புத்தகங்களில் கதிர்க்குருவி என்று போடுவார்களே, அந்தக் கூட்டம். இலை நிறத்திலேயே இருப்பதால் இலைக் கதிர்க்குருவி என்றும் சொல்வதுண்டு. கோடையில் வரும், குளிர் தொடங்கும் முன் காணாமல் போகும்.

படித்தவர்கள் இதற்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் உலகத்து உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது இதற்கும் ஒரு பெயர் சூட்டினார். அவருக்கு முந்திய தலைமுறையில் ஜான் ரே என்ற பெரிய இயற்கை அறிஞர், வெட்டுக்கிளி மாதிரிச் சத்தம் போடும் ஒரு குருவியைப் பற்றி எழுதி வைத்திருந்தார். ஆனால் அவருக்கும் இது மூன்று இனமாக இருக்கும் என்ற சந்தேகம் வரவில்லை. பெரும்பாலும் அவர்கள் முன்னால் இருந்தது செத்த குருவியின் தோல். தோலில் குரல் இல்லை.

வைட் செய்தது என்ன? மார்ச் மாத நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை தினமும் நடந்தார், கேட்டார். ஒரு குருவி வசந்தத்தில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுகிறது. அதற்குத் தெரிந்தது இரண்டே இரண்டு ஸ்வரம். அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறது. இன்னொன்று கொஞ்சம் பிந்தி வருகிறது. அது சிரிப்பது போல ஆரம்பித்து, படியிறங்குவது போல மெல்ல மெல்ல இறங்கி முடிக்கிறது. ஒரு வருடம் அல்ல, வருடா வருடம் இப்படியே. இரண்டு ஸ்வரக் குருவி ஒரு நாளும் மற்றதின் பாட்டைப் பாடியதில்லை. அது இதைப் பாடியதும் இல்லை. ஒரே குருவி இரண்டு விதமாகப் பாடுகிறது என்றால் எப்போதாவது ஒரு தடவை கலந்திருக்க வேண்டுமே?

1768 ஏப்ரல் 18 அன்று தாமஸ் பென்னன்ட் என்ற அறிஞருக்கு வைட் கடிதம் எழுதுகிறார். வில்லோ ரென் மூன்று இனம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இரண்டை நன்றாகத் தெரியும், மூன்றாவது இன்னும் கைக்கு வரவில்லை என்பது அதன் சாரம். இரண்டையும் எடை போட்டும் பார்த்திருக்கிறார். சிரித்துப் பாடுவது 2½ டிராம். இரண்டு ஸ்வரக் குருவி 2 டிராம். அந்தக் கால மருந்துக்கடை டிராம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 10 கிராம், 8 கிராம். நம் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறதே, சின்னக் குருவியின் எடை அவ்வளவுதான். கால் நிறமும் பார்த்தார். பெரியதற்கு வெளிர் நிறக் கால், சின்னதற்குக் கறுப்புக் கால்.

பாடகன் மற்றதைவிட ஐந்தில் ஒரு பங்கு கனம் என்று அதே கடிதத்தில் எழுதிவிட்டார். இரண்டு இரண்டரை ஆனால் கூடியது நான்கில் ஒரு பங்கு. பெரியதிலிருந்து சின்னதற்கு இறங்கினால்தான் ஐந்தில் ஒரு பங்கு. எதை அடிப்படையாக வைக்கிறோம் என்பதில் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் பாதிப்பேர் செய்த அதே தப்பு. படித்தபோது சிவப்பு மை பேனாவைத் தேடினேன். ஆனால் இரண்டு தனித்தனி இனம் என்ற விடை சரி. அதனால் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 17, இன்னொரு கடிதம். இப்போது மூன்றும் அவருடைய மேஜை மேல் வரிசையாக இருக்கின்றன. சின்னது, நடுத்தரம், பெரியது என்று படிப்படியாக அளவு. மூன்றாவதுதான் மூன்றிலும் பெரியது, மஞ்சள் கூடியது. இறகுகளின் நுனியில் மற்ற இரண்டுக்கும் இல்லாத வெள்ளை. உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் மட்டுமே இருக்கும். வெட்டுக்கிளி போல ஒரு சீறல் ஒலி, நடு நடுவே நிறுத்தி நிறுத்தி வரும். அது பாடும்போது சிறகு நடுங்கும். ஜான் ரே சொன்ன வெட்டுக்கிளிக் குருவி இதுதான் என்று வைட் அடையாளம் காண்கிறார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மூன்றும் மேஜைக்குப் பறந்து வந்து உட்காரவில்லை. பறவையைக் கையில் பார்க்கத் துப்பாக்கிதான் வழியாக இருந்த காலம் அது. ஆனால் அறிவை முதலில் தந்தது காது. கையில் கிடைத்த உடல்கள், காது சொன்னதைச் சரிபார்க்க மட்டுமே உதவின.

அந்த மூன்றையும் இன்று நாம் எப்படி அறிகிறோம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது சிஃப்சாஃப். தன் பெயரைத் தானே சொல்லும் குருவி. சிஃப், சாஃப், சிஃப், சாஃப் என்று விடாமல் சொல்லும். இதற்கு 1817-ல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த அறிவியல் பெயரில் 'கொலிபிட்டா' என்று ஒரு சொல் வரும். காசு மாற்றுபவர் என்ற பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வட்டிக்கடைக்காரர் காசை ஒவ்வொன்றாக எண்ணிப் போடுவது போன்ற சத்தமாம். கூடு தரையை ஒட்டி, முட்புதரிலோ செடிகளுக்குள்ளோ சிறிது உயரத்தில் இருக்கும்.

இரண்டாவது வில்லோ கதிர்க்குருவி. சிரித்து இறங்கும் பாட்டுக்காரன். லின்னேயஸ் வைத்த பழைய பெயர் இதற்கே நிலைத்துவிட்டது. தரையில் புல்லுக்குள் கூடு கட்டும். இந்தக் கூட்டைப் பற்றி வைட் ஒரு நிகழ்ச்சி எழுதியிருக்கிறார். அவருடைய வயல் கரையில் ஒரு வில்லோ ரென் கூடு கட்டியிருந்தது. அவரும் ஒரு நண்பரும் அது அடைகாப்பதைப் பார்த்தார்கள். தொந்தரவு செய்யாமல் நகர்ந்தாலும், அது இவர்களைச் சந்தேகமாகவே பார்த்தது. சில நாள் கழித்துப் போனால் கூட்டைக் காணோம். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, தற்செயலாகக் கிடப்பது போலக் கிடந்த பச்சைப் பாசிக் கற்றை ஒன்றைத் தூக்கினால், அதற்கு அடியில் கூடு! வழிப்போக்கர் கண்ணில் படாமல் இருக்க மூடி வைத்திருந்தது. பத்து கிராம் உயிருக்குள் எவ்வளவு பெரிய யோசனை பாருங்கள்.

மூன்றாவது, பீச் மர உச்சியின் சீறல்காரன். ஆங்கிலத்தில் வுட் வார்ப்ளர். நாம் காட்டுக் கதிர்க்குருவி என்று வைத்துக்கொள்வோம். 1790-களில் ஜெர்மனியின் பெக்ஸ்டைன் இதற்கு முறைப்படி அறிவியல் பெயர் கொடுத்தார். வைட் அதை வகைப்படுத்தி எழுதியதோ 1768-ல். இதன் பாட்டுக்கு இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் உவமை, பளிங்குக் கல் மேல் காசைச் சுண்டிவிட்டால் சுழன்று சுழன்று வேகம் கூடி அடங்குமே, அந்தச் சத்தம். ஒன்று காசு எண்ணுகிறது, ஒன்று காசு சுழற்றுகிறது! இடையிடையே 'பியூ, பியூ' என்று இரக்கமாக இன்னொரு குரலும் இதற்கு உண்டு.

பாடுவது மர உச்சியில் என்றாலும் இதன் கூடு தரையில்தான். பெண் பறவைதான் கட்டும். சரிவான இடத்தில், உதிர்ந்த சருகுக்குள், காய்ந்த புல்லும் இலையும் வைத்து, மேலே கூரை போட்டு, பக்கவாட்டில் வாசல் வைத்து ஒரு குடிசை. மற்ற இரண்டும் கூட்டுக்குள் இறகு மெத்தை விரிக்கும். இது விரிக்காது, மெல்லிய புல்லும் மயிரும் மட்டும்தான். கூடு கிடைத்தால் இதை வைத்தும் இனம் சொல்லலாம். ஐந்து முதல் ஏழு முட்டை வரை இடும். இரண்டு வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் இன்னும் இரண்டு வாரத்திற்குள் வெளியேறிவிடும்.

மேலே இலைகள் நன்றாக மூடியிருக்க வேண்டும், கீழே புதர் அடர்ந்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட காடுதான் இதற்குப் பிடிக்கும். தரையில் கூடு என்றால் ஆபத்தும் தரையிலேயே இருக்கிறதல்லவா? நரி வரும், காக்கை இனத்து ஜே பறவை வரும். போலந்து நாட்டின் பியாவோவியெஜா காட்டில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் ஒன்று கண்டார்கள். காட்டில் எலிகள் பெருகிய வருடத்தில் இந்தக் குருவிகள் அங்கே அதிகம் தங்குவதில்லை. எலி மிகுந்தால் எலி தின்ன வரும் பிராணிகளும் மிகும், கூட்டுக்கு ஆபத்து. அதனால் வேறு காடு பார்த்துப் போய்விடுகின்றன. வருடா வருடம் ஒரே இடத்துக்குத் திரும்பும் பிடிவாதம் இதற்குக் குறைவு.

வைட் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் இந்தப் பறவைகள் எங்கே போகின்றன என்பது அவரை வாட்டிய கேள்வி. தகைவிலான் குருவிகள் சிலவாவது எங்கும் போகாமல் பொந்துகளிலோ கரைகளிலோ உறங்கிக் கிடக்கும் என்ற பழைய நம்பிக்கை அவரைக் கடைசி வரை விடவில்லை. அவருடைய தம்பி ஜான் ஜிப்ரால்டரில் இருந்தார். பறவைகள் கூட்டமாகக் கடலைக் கடப்பதை அங்கிருந்து எழுதி அனுப்பினார். அப்படியும் அண்ணனுக்கு முழுச் சமாதானம் ஆகவில்லை. காட்டுக் கதிர்க்குருவி ஆப்பிரிக்காவின் பூமத்தியரேகைக் காடுகள் வரை போய் வருகிறது என்று இன்று நமக்குத் தெரியும். தான் நேரில் கேட்டதில் அவர் தவறவில்லை. தன் எல்லைக்கு அப்பால் நடப்பதில்தான் தடுமாறினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயது ஏற ஏற வைட்டுக்கு அவ்வப்போது காது கேளாமல் போனது. அப்படிப்பட்ட நாட்களில் பறவைகள் பாடும் மே மாதமும் தனக்கு ஆகஸ்ட் போல ஊமையாகிவிடுகிறது என்று பாரிங்டனுக்கு வருத்தப்பட்டு எழுதினார். காதால் உலகை அறிந்த மனிதருக்கு வந்த சோதனை. நான் இதை முன்பும் படித்திருக்கிறேன். வேப்பமரத்தடியில் நின்ற அன்றுதான் புரிந்தது.

இந்தக் கடிதங்களையெல்லாம் தொகுத்து 'செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மைகளும்' என்ற புத்தகம் 1789-ஆம் ஆண்டிட்டு வெளிவந்தது. பதிப்பித்தவர் இன்னொரு தம்பி பெஞ்சமின். அன்றிலிருந்து அச்சில் இல்லாத காலமே இல்லை என்று சொல்லும் அளவுக்குப் பதிப்புகள் வந்துவிட்டன. அவற்றில் 1836-ல் வந்த ஒரு பதிப்புக்குக் குறிப்புகள் எழுதியவர் எட்வர்ட் பிளைத் என்ற இளைஞர். இவரால்தான் செல்போர்ன் கதை நம் பக்கம் வருகிறது.

பிளைத் லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்தார். மனம் முழுக்கப் பறவைகள் மேல். கடை எப்படி நடக்கும்? 1841-ல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக வந்து சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை பார்த்தார். இந்தியப் பறவைகள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் அவர்தான். 1843-ல் அவர் விவரித்த ஒன்று, பெரிய அலகு இலைக் கதிர்க்குருவி. இமயமலையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கழிக்கும் பறவை. வைட்டின் மூன்று குருவிகளுக்கும் ஒன்றுவிட்ட உறவு.

நம் பக்கம் குளிர்காலத்தில் வரும் இன்னொன்று பச்சை இலைக் கதிர்க்குருவி. இதன் அறிவியல் பெயரின் பொருளே 'வில்லோ குருவியைப் போன்றது' என்பதுதான். இதுவும் வடக்கே தன் ஊரில் தரையிலோ, தரையை ஒட்டிய கரைப் பொந்திலோதான் கூடு கட்டும். புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனி, சித்திரையில் திரும்பும். வேம்பு, புளி, மா எதிலும் இருக்கும். பெரிய அலகுக்காரனும் இதுவும் பார்வைக்குச் சட்டென்று பிடிபடாத ஜோடி. இன்றைக்கும் பறவை பார்ப்பவர்கள் குரலைக் கேட்டுத்தான் உறுதி செய்கிறார்கள். பச்சையின் குரல் 'சிஸ்-லீ' என்று ஒட்டி வரும். பெரிய அலகுக்காரன் இரண்டு தனி ஸ்வரமாக, இரண்டாவதை உயர்த்திச் சொல்லும். செல்போர்ன் பாதிரியார் காட்டிய அதே வழி.

சரி, ஒன்றானால் என்ன, மூன்றானால் என்ன? பச்சையாக ஒரு குருவி, அவ்வளவுதானே என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு வருகிறது.

ஒரு வகுப்பில் மூன்றே பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் மூவரும் தலா 60. சராசரி 60. இந்த வருடம் ஒருவன் 95, ஒருவன் 55, ஒருவன் 30. கூட்டிப் பாருங்கள், 180. சராசரி அதே 60. தலைமையாசிரியர் அறைச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் கோடு நேராகப் போகும். ஆனால் அந்த 30 வாங்கிய பிள்ளை மூழ்கிக்கொண்டிருக்கிறான்.

பிரிட்டனில் இந்தக் குருவிகளுக்கு நடந்திருப்பதும் இதுதான். கடந்த சில பத்தாண்டுகளில் சிஃப்சாஃப் நன்றாகப் பெருகியிருக்கிறது. வில்லோ கதிர்க்குருவி தெற்கு இங்கிலாந்தில் குறைந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் நன்றாக இருக்கிறது. காட்டுக் கதிர்க்குருவியோ மளமளவென்று சரிந்து, 2009-ல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் வேல்ஸ் போன்ற மேற்குப் பகுதிகளின் ஓக் காடுகளில்தான் அதைத் தேட வேண்டும். கூடு கட்டும் காட்டின் அமைப்பு மாறியதா, ஆப்பிரிக்கக் காடுகள் அழிவதா, வழியில் இரை கிடைக்காததா என்று காரணங்களை ஆராய்கிறார்கள். இந்த ஆராய்ச்சி நடக்கிறதென்றால், மூன்றையும் தனித்தனியாக எண்ணியதால்தான். 'வில்லோ ரென்' என்ற ஒரே பெயரிலேயே இன்றும் எண்ணிக்கொண்டிருந்தால், குருவிக்கு என்ன குறை, காடு முழுக்கக் கத்துகிறதே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஒன்று அழிந்து முடிந்த பிறகுகூட யாருக்கும் தெரிந்திருக்காது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு வகுப்பறை நினைவு வருகிறது. பல வருடமாக யாரிடமும் சொல்லாதது. அந்த வருடம் என் வகுப்பில் 62 பேர். காலையில் பெயர் வாசிப்பேன். தலை குனிந்து பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதுதான் என் வழக்கம். "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்ததும் ஒரு புள்ளி. ஒரு பையன் ஒன்பது நாள் வரவில்லை. அவனுக்குப் பதில் பக்கத்து பெஞ்சுக்காரன் "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டிருந்தான். நண்பனுக்கு அபராதம் வரக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்த உதவி. ஒன்பது நாளும் நான் புள்ளி வைத்தேன். பத்தாம் நாள் அவன் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது, அப்பா படுத்த படுக்கையாகி, பையன் பட்டறை வேலைக்குப் போயிருக்கிறான் என்று.

ஒன்பது நாளும் ஒரே தொண்டையிலிருந்து இரண்டு "உள்ளேன் ஐயா" வந்திருக்கிறது. என் காது அப்போது நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் கேட்கவில்லை.

அந்தப் பையன் மறு வருடம் திரும்பி வந்து படித்தான். இன்று சொந்தமாகப் பட்டறை வைத்து எட்டுப் பேருக்கு வேலை தருகிறான். இந்தப் பதிவை அவனும் படிப்பான். பெயர் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும். தம்பி, அன்று உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இது. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் தலை நிமிர்ந்துதான் பெயர் வாசித்தேன். உங்களில் பலர் "சார் ஏன் பெயர் வாசிக்க இவ்வளவு நேரம் எடுக்கிறார்" என்று முணுமுணுத்தது எனக்குத் தெரியும். காரணம் இதுதான்.

வேப்பமரத்துக் குருவிக்கு வருவோம். அன்று பேத்தியிடம், "நீ கேட்டதை அப்படியே சொல்லிக் காட்டும்மா" என்றேன். அவள் வாயைக் குவித்து, "சிஸ்-லீ, சிஸ்-லீ" என்றாள். ஒட்டினாற்போல ஒரே இழுப்பு. ஒரு பழைய நோட்டை எடுத்துக் கட்டம் போட்டோம். தேதி, நேரம், மரம், குரல். முதல் வரியில் அவள் கையெழுத்தில் 'பச்சை இலைக் கதிர்க்குருவி' என்று எழுதினாள். எழுதியது அவள், கேட்டதும் அவள். பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் போட்டுக் கொடுத்தது மட்டும் நான்.

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். கடைசி வீட்டுப்பாடம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு காலை, பத்து நிமிடம், போனை உள்ளே வைத்துவிட்டு உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் மரத்தடியில் நில்லுங்கள். எத்தனை குரல் கேட்கிறது என்று எண்ணுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒன்று வேறு, இன்னொன்று வேறு என்று பிரித்தால் போதும், பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். பெங்களூரில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, கேட்டதைக் கீழே எழுதுங்கள். எனக்குக் கேட்காததை நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்.

பெயர் வாசிக்கிறேன். ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்